புள்ளி வைத்த பக்கம்

இருபத்தேழாவது உயிர்ச்செல்லின் நடுவில் அம்புக்குறியை வைத்து அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள் சுகிர்தா. செல் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அழுத்தினாள். அடுத்த படம். மறுபடியும் வலப்பக்கம். அரை மணிக்கு ஒன்றாக எடுத்த இருபத்தைந்து படங்கள், ஒரு செல்லுக்கு இருபத்தைந்து அழுத்தல்கள், நாற்பது செல்லுக்கு ஆயிரம். போன வாரமே இந்த ஆயிரத்தையும் அழுத்தி முடித்திருந்தாள். இரண்டாம் முறை அழுத்தினால் செல்கள் வேறு பக்கம் போய்விடும் என்று நம்பும் அளவுக்கு அவள் மோசமாகிவிடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் மனம் ஓரமாகப் போய் அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கிளறிக்கொண்டிருக்கும், கிளறியதில் ஏதாவது ஒன்று தானாக மேலே வரும் என்று நினைத்தாள். மணி இரண்டே கால். நாலு மணிக்கு ஆய்வகத் தலைவரான சார் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார். அதற்குள் அட்டவணையில் ஒரு கட்டம் நிரம்ப வேண்டும். அந்தப் பத்தியின் தலைப்பு, கடினமான பக்கம் எது என்பது. முதல் பரிசோதனைத் தொகுதிக்கு நேரே இடம் என்று இருந்தது. இரண்டாம் தொகுதிக்கும் இடம். மூன்றாம் தொகுதிக்கு நேரே ஒன்றும் இல்லை. இடம் என்றோ வலம் என்றோ எழுதவேண்டிய ஒரு சொல். இருபத்தெட்டாவது செல். இது கொஞ்சம் சோம்பேறி, ஆறு படம் வரைக்கும் இருந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருக்கிறது, ஏழாவதில் காலை நீட்டுகிறது, பிறகு இதுவும் வலப்பக்கம்.

விஷயம் பெரிதில்லை. ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் இரண்டு சொட்டு ஜெல் கரைசலைப் பக்கத்தில் பக்கத்தில் விடுவார்கள். ஒன்று உறைந்தால் கெட்டித் தயிர்ப் பதம், இன்னொன்று உறைந்தால் பென்சில் அழிப்பான் பதம். மேலே இன்னொரு சில்லைக் கவிழ்த்தால் சொட்டுகள் பரவி நடுவில் ஒன்றோடொன்று கலக்கும். இருபது நிமிடத்தில் உறைந்து, ஒரு ஓரம் மென்மையாகவும் மறு ஓரம் கடினமாகவும் ஒரே தரையாகிவிடும். மேல் சில்லை உரித்துவிட்டு அந்தத் தரையில் செல்களை விடுவார்கள். தோலில் காயம் பட்டால் வந்து அடைக்கிற வகைச் செல்கள். கண் இல்லை, காது இல்லை. ஓரத்தைக் கால் மாதிரி நீட்டும், தரையைப் பற்றும், இழுத்துப் பார்க்கும். தரையும் கூடவே வந்துவிட்டால் பிடி நழுவும். தரை வராமல் நின்றால் பிடி இறுகும், உடம்பு அந்தப் பக்கம் போகும். ஆறு வருடமாக இதையே பார்த்ததில் சுகிர்தாவுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டிருந்தது. பள்ளம் தோண்டிப் பாதி மூடிய தெருவில் இறங்கும்போது தன் பாதம் எங்கே போகிறது என்று குனிந்து பார்ப்பாள். பாதம் அவளைக் கேட்காமல் கெட்டியான இடத்தைப் பார்த்துப் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒருமுறை ஸ்கூட்டர்காரன் ஒருவன் நிறுத்தி, வீட்டில் சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

முதலில் கடினமான பக்கத்தை அடையாளம் காட்டப் புள்ளி வைக்கும் அவசியமே இருக்கவில்லை. கடினமான சொட்டில் மட்டும் ஒளிரும் நுண்மணிகளைக் கலந்திருந்தார்கள். எந்தப் பக்கம் பச்சையாக ஒளிர்கிறதோ அது கடினம், யாருக்கும் எப்போதும் சந்தேகம் வராது. கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார்: மணி கலந்தால் தரை சொரசொரப்பாகிவிடாதா, செல்கள் கடினத்தைத் தேடிப் போகின்றனவா, சொரசொரப்பைத் தேடிப் போகின்றனவா? நியாயமான கேள்வி. சொரசொரப்பு செல்லை என்ன செய்யும் என்று சுகிர்தாவை விட அதிகமாகத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் இல்லை. சேர்ந்த புதிதில், வரிவரியாகப் பள்ளம் உள்ள தரை வேண்டும், வாங்கப் பணம் இல்லை என்றபோது ஒரு டிவிடியின் மேல் தாளை உரித்துவிட்டு அதன் வரிகளை அச்செடுத்தாள். அண்ணன் கல்யாண டிவிடி. வீட்டில் மூன்று பிரதி இருந்தது, இரண்டை யாரும் பிரித்தே பார்க்கவில்லை. அந்த வரிகளில் விட்ட செல்கள் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு நின்றன, வரியை விட்டு ஒன்றும் குறுக்கே போகவில்லை. அண்ணியிடம் சொன்னாள். அண்ணி சிரிக்கவில்லை. எந்தப் பகுதி, தாலி கட்டுறதா, என்று மட்டும் கேட்டாள். ஆகவே மதிப்பீட்டாளர் கேட்டது சரி. மணி இல்லாமல் மூன்று தொகுதி செய்து காட்டச் சொன்னார். மணி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தண்ணீர் மாதிரி ஒன்றுபோல் இருக்கும். அதனால் சில்லின் அடியில், கடினமான பக்கத்து ஓரத்தில், நகப்பூச்சால் ஒரு புள்ளி. நகப்பூச்சுதான் மருந்திலும் வெந்நீரிலும் அழியாது. சில்லில் சொட்டு விடுவதற்கு முன்பே புள்ளியை வைத்துவிட வேண்டும், பிறகு புள்ளி இருக்கும் பக்கத்தில் கடினச் சொட்டை விட வேண்டும். விதி அவள் போட்டதுதான்.

முதல் தொகுதியில் நாற்பதில் முப்பத்தொன்று புள்ளியைப் பார்த்துப் போயின. இரண்டாம் தொகுதியில் இருபத்தொன்பது. மூன்றாவதில் முப்பது செல்கள் புள்ளிக்கு எதிர்ப்பக்கமாகப் போயின. அரைகுறையாக இல்லை. தடுமாறி, சுற்றி, போனால் போகிறது என்று போகவில்லை. முதல் இரண்டில் எப்படிப் போயினவோ அப்படியே உறுதியாகப் போயின. காலையில் சார் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொம்ப அழகா இருக்கும்மா இது, என்றார். அவர் எதையும் சத்தம்போட்டுச் சொல்கிறவர் இல்லை. பரீட்சையில் ஃபெயிலானவனிடமும் உடம்பு எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்பார். புள்ளி மாறி விழுந்திருக்கும், அவ்வளவுதானே, இதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய், மூன்றாவதற்கு மட்டும் வலம் என்று போட்டுவிடு என்றார். மூன்றும் ஒத்துப்போனால் ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் வந்துவிடும், நேற்று இதழின் ஆசிரியரிடம் பேசியிருக்கிறார். கெடு இன்றைக்கு. இரண்டு முறை நீட்டிக் கேட்டாயிற்று. அவள் தயங்கினாள். புள்ளி மாறியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செல்லு பொய் சொல்லாதும்மா. நீயும் நானும் மறப்போம். அது எங்க போச்சோ அதான் கடினம்.”

அது எங்கே போகிறது என்பதைத்தானே சார் நாம் கேட்டோம். அந்த வாக்கியம் அவள் வாய்க்குள் முழுதாக வந்து நின்றது. சார் அதற்குள் ஜெசிமாவிடம் திரும்பி, சில்லு இருக்கும் தட்டைத் திருப்பி வைத்துவிட்டாயோ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். ஜெசிமா இரண்டாம் வருட ஆய்வு மாணவி, மேலப்பாளையத்துப் பெண். தட்டை நுண்ணோக்கியில் வைப்பது எப்போதும் அவள்தான். புள்ளி இடப்பக்கம் இருக்கிற மாதிரிதான் வைத்தேன், வைத்ததும் ஒரு படமும் எடுத்தேன் என்று அவள் படத்தைக் காட்டினாள். இடப்பக்க ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி, நன்றாக உருண்டையாக. ஜெசிமா மேல் தப்பில்லை. மென்மையைத் தேடிப் போகும் செல்கள் உலகத்தில் இல்லாமலும் இல்லை, வேறு வகைகளில் அப்படிக் கண்டிருக்கிறார்கள். ஆக இரண்டில் ஒன்று. செவ்வாய்க்கிழமை புள்ளி கடினப் பக்கத்தில் இருந்திருந்தால், இந்த முப்பது செல்களும் மென்மையை நாடிப் போயிருக்கின்றன. அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. புள்ளி மென்மையான பக்கத்தில் இருந்திருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது, திருநெல்வேலி வேலைக்கு வழி இருக்கிறது. ஜெல் இருந்தால் ஊசியால் தொட்டே சொல்லிவிடலாம். மறுநாளே அது மஞ்சள் பைக்குள் போய், பை வண்டியில் போய், வண்டி ஊருக்கு வெளியே எரிக்கிற இடத்துக்குப் போயாயிற்று. அதுவும் விதிதான்.

முப்பதாவது செல். செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். சில்லைத் துடைத்து வைத்தாள், நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தாள், உள்ளே கட்டிபோல் இறுகியிருந்தது. தூரிகை மூடியோடு வரவில்லை. ஜெசிமாவிடம் இருக்காது, அவள் ஐந்து வேளையும் கை கழுவித் தொழுகிறவள், நகத்தில் பூச்சு நிற்கக்கூடாது. ஜெல் கரைசல்களில் உறைமருந்தைக் கலந்தாயிற்று, இனி நிறுத்திவைக்க முடியாது. அதனால் சொட்டுகளை முதலில் விட்டாள். மேல் சில்லைக் கவிழ்த்தாள். உறைய இருபது நிமிடம் இருக்கிறதே என்று அலுவலகத்து வேதவல்லியிடம் போனாள். எது எந்தப் பக்கம் என்று அப்போது தெரியும், சத்தியமாகத் தெரியும், அது அவ்வளவு சாதாரணமாகத் தெரிந்த விஷயம் என்பதால் அதைத் தனியாக எங்கேயும் எடுத்துவைக்கவில்லை. வேதவல்லி மேசை இழுப்பறையிலிருந்து ஆறு குப்பிகளை எடுத்துப் பரப்பினாள். எந்தக் கலர் வேண்டும், பொண்ணுக்கா மாப்பிள்ளைக்கா என்று கேட்டாள். செல்லுக்கு என்றதும், “உங்க செல்லுக்கெல்லாம் நலங்கு வச்சு முடிச்சிட்டு எங்களையும் ஒருநாள் கவனிங்க” என்றாள். கருஞ்சிவப்பை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மாடிப்படியில் அம்மாவின் ஃபோன் வந்தது.

“அப்பா விழுந்துட்டாரு மக்களே. ஒண்ணுமில்ல கேட்டியா. எழுப்பி இருத்தியாச்சு.”

முப்பத்தொன்றாவது செல் வேறொன்றோடு உரசப் போய் விலகுகிறது, உரசியிருந்தால் எண்ணக்கூடாது, உரசவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். இடது கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது. தரையில் நடக்கிறார், முற்றத்து சிமெண்டில் நடக்கிறார், ஒரு தரை முடிந்து இன்னொரு தரை தொடங்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடுவார். குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடியின் ஓரத்தில் இடது கால் அந்தரத்தில் நிற்கும். இறங்காது. பெருவிரல் மட்டும் கீழே தேடும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது ஒரு முடிவெடுப்பது போல் தோன்றும். பொங்கலுக்குப் போயிருந்தபோது அவள் ஒருமுறை கைபேசியில் நேரம் பார்த்தாள், பதினோரு வினாடி. பார்த்ததற்காக அன்று முழுவதும் தன்னைப் பிடிக்காமல் இருந்தது. மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். செவ்வாய்க்கிழமை பதினோரு வினாடிக்குப் பதில் இரண்டு வினாடியில் காலை வைத்துவிட்டார் போலிருக்கிறது. இடுப்பில் அடி, எலும்பு முறியவில்லை. அன்று மத்தியானமே அம்மா வீட்டிலிருந்த மிதியடி, பாய், வாசல் தேங்காய்நார் விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மாடியில் ஏற்றிவிட்டாள். வீடு முழுவதும் இப்போது ஒரே தரை. அங்கே இனி எதன் ஓரமும் இல்லை. மாடிப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது கையில் குப்பி இருந்தது, குப்பியின் மூடி குளிர்ச்சியாக இருந்தது, அது தெளிவாக நினைவிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நீல ஸ்டிக்கர் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு லேபுக்கு வந்தாள், உட்கார்ந்தாள், சில்லை உரித்தாள், புள்ளி வைத்தாள். வைத்ததற்குப் படம் இருக்கிறது. வைத்த பக்கத்துக்கு ஒன்றும் இல்லை.

கண்ணை மூடினாள். வலது கையில் சொட்டு விடும் பிப்பெட். மென்மையான கரைசலை முதலில் இடப்பக்கம் விடுவாள், கடினத்தைப் பிறகு வலப்பக்கம். அது பழக்கம். ஆகவே திரும்பி வந்து வலப்பக்கம் புள்ளி வைத்திருந்தால் சரி. வைத்தாள். அதோ வைக்கிறாள், தூரிகை வலப்பக்க ஓரத்தைத் தொடுகிறது, மண்ணெண்ணெயும் பழமும் கலந்த மாதிரி அந்த வாசனைகூட வருகிறது. சரி. கொஞ்ச நேரம் அந்தப் படம் நின்றது. ஆனால் சொட்டு விடும்போது அவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். ஃபோனுக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஜெசிமா அங்கே உட்கார்ந்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பாமல் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் வலம் இடமாகிவிடும். சில்லையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டாளா, அப்படியே இருக்கவிட்டாளா? திருப்பினாள் என்று நினைத்தால் விரல் சில்லைத் திருப்புவது தெரிகிறது, கண்ணாடி மேசையில் உரசும் சின்னச் சத்தம் கேட்கிறது. திருப்பவில்லை என்று நினைத்தால் அதுவும் தெரிகிறது, திருப்பாத சில்லின் மேல் ஜன்னல் வெளிச்சம் நீளமாக விழுந்திருக்கிறது. இரண்டிலும் வாசனை இருக்கிறது. எதை நினைக்கிறாளோ அதற்குக் கால் முளைத்து நடந்து வந்துவிடுகிறது. கொஞ்சம் கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. திருப்பவில்லை என்கிற படம், அதாவது புள்ளி மாறி விழுந்த படம், அதாவது சாருக்கு வேண்டிய படம், காலையை விட இப்போது நன்றாகத் துலங்கியிருக்கிறது. காலையில் அதில் ஜன்னல் வெளிச்சம் இல்லை. நாலு மணிக்குள் அதில் வேதவல்லியின் குரல்கூடச் சேர்ந்துவிடும். சேர்ந்துவிட்டால் பிறகு அது நினைவுதான், பொய் என்று யாரும் சொல்ல முடியாது, அவளாலும் முடியாது.

ஜெசிமா தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் இருவரும் முப்பத்துநாலாவது செல்லைப் பார்த்தார்கள். ஜெசிமாவின் ஆய்வேட்டிலும் இந்த மூன்று தொகுதிகள் ஓர் அத்தியாயம். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், படிப்பு எப்போது முடியும் என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்கள், வாரம் ஒருமுறை அவள் அடுத்த வருடம் என்கிறாள். சார் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறதா என்று ஜெசிமா மெதுவாகக் கேட்டாள். இருக்கிறது என்றாள் சுகிர்தா.

“எதிர்ப்பக்கம் உக்காந்து புள்ளி வச்சேனே, அப்ப நீ பாத்தியா?”

“நான் எண்ணிக்கிட்டிருந்தேன்க்கா. நானூத்திப் பன்னெண்டு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, வேறெதையும் என்னையக் கேக்காதிய.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு, வலம் என்று போட்டால் தப்பாகிவிடுமா என்று கேட்டாள். தப்பாகாது, சரியாகவும் இருக்கலாம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்றாள் சுகிர்தா. அதுதான் சிக்கல் என்று சொல்ல நினைத்து, அப்படிச் சொன்னால் பெரிய மனுஷித்தனமாக இருக்கும் என்று தேநீரைக் குடித்தாள். சர்க்கரை போடவில்லை. ஜெசிமா தொழுகைக்குப் போனாள்.

மூன்று மணி. முப்பத்தைந்து, முப்பத்தாறு. பதினெட்டாம் தேதி திருநெல்வேலியில் நேர்காணல். உதவிப் பேராசிரியர் வேலை, நிரந்தரம், அங்கிருந்து நாகர்கோவில் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மார்ச்சோடு இங்கே அவளுடைய பதவி முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். ஏற்புக் கடிதம் கையில் இருந்தால் கேள்வி கேட்பவர்கள் தலையசைப்பார்கள். இல்லாவிட்டால் முப்பத்துநாலு வயதுக்கு என்ன செய்தாய் என்று பார்ப்பார்கள். அவர்கள் யாரும் புள்ளியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. மதிப்பீட்டாளர் கேட்கப்போவதில்லை. ஆசிரியர் கேட்கப்போவதில்லை. அட்டவணையில் வலம் என்று இருந்தால் அது வலம்தான். பயம் அங்கேதான் இருந்தது. யாராவது கேட்பார்கள் என்றால் பதில் தயார்செய்யலாம். இது கேட்பாரே இல்லாத இடம், நாலு பக்கமும் சுவரில்லாத அறையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. முப்பத்தேழு. எதற்கு இவ்வளவு, முதல் இரண்டு தொகுதி ஒழுங்காக இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள், அவற்றில் விதிப்படி செய்தாய், புள்ளியை முதலில் வைத்தாய், நினைவிருக்கிறதே. நினைவிருக்கிறது. முதல் தொகுதியில் புள்ளி வைத்ததை நினைத்துப் பார்த்தாள். சில்லு, தூரிகை, புள்ளி. எந்தப் பக்கம்? கடினமான பக்கம். எப்படித் தெரியும்? விதி அது. விதி தெரியும், கை? கை வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்காவது இரண்டு படம் வந்தது. இதற்கு ஒன்றுகூட வரவில்லை.

குறிப்பேட்டை எடுத்தாள். அவசரப்படாமல் எடுத்தாள், ஏதோ தேதி பார்க்கப்போகிறவள் மாதிரி. இந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. அன்றன்றைக்கு எழுதவேண்டியதைத் துண்டுத்தாளிலும் கையுறைப் பெட்டியின் மூடியிலும் கிறுக்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து குறிப்பேட்டில் நல்ல கையெழுத்தில் ஏற்றுவார்கள். பஜ்ஜி வரும். சார்கூட வந்து உட்காருவார். அவளுக்குச் சனிக்கிழமைகள் பிடிக்கும். முதல் தொகுதி, மூன்றாம் தேதி. கரைசல் அளவுகள், நேரம், வெப்பம், எல்லாம் நீல மையில் இருந்தன. கீழே ஒரு வரி, புள்ளி கடினப் பக்கம், நன்றாகத் தெளிவாக இருந்தது. கறுப்பு மையில். அவளிடம் கறுப்புப் பேனா கிடையாது. ஒன்று இருந்தது, ஹைதராபாத் கருத்தரங்கில் பையோடு கொடுத்தது, இரண்டு வாரத்தில் மை தீர்ந்துவிட்டது. கருத்தரங்கு அதே மாதம் பதினொன்று, பன்னிரண்டு. படங்கள் ஓடி முடிந்தது ஐந்தாம் தேதி. முப்பத்தொன்று புள்ளியைப் பார்த்துப் போயின என்று எண்ணியது எட்டாம் தேதி. ஆகவே இந்தக் கறுப்பு வரியை எழுதியபோது செல்கள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள். ஒளித்துவைத்து எழுதவில்லை, விட்டுப்போன ஒரு வரியைச் சேர்க்கிறவள் எழுதுகிற மாதிரி பஜ்ஜி தின்றுகொண்டே எழுதியிருப்பாள். நினைவிலிருந்து எழுதினாளா, செல்கள் போன பக்கத்தைப் பார்த்து எழுதினாளா? எழுதியவளிடம் கேட்டால் வித்தியாசம் என்ன என்று கேட்டிருப்பாள். பக்கத்தைப் புரட்டினாள். இரண்டாம் தொகுதி. அளவு, நேரம், வெப்பம். அந்த வரிக்கு நேரே, மேலே சொன்னபடியே என்பதற்கு இரண்டு சின்னக் கோடுகள். கறுப்பில்.

மேசையின் ஓரத்தில் கைகளை வைத்துக்கொண்டாள். காது அடைக்கவில்லை. அடைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, அப்போது இது ஒரு சம்பவம் ஆகிவிடும். ஒன்றும் ஆகவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி செய்திருப்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செய்திருப்பாள், தொண்ணூற்றெட்டுக்கூட. மணி கலந்த பழைய ஜெல்களில் செல்கள் கடினத்துக்குத்தான் போயின, உலகத்தில் வேறு எத்தனையோ லேபில் போயிருக்கின்றன, இங்கே மட்டும் ஏன் போகாது? ஆகவே புள்ளி அங்கேதான் இருந்திருக்கும். ஆகவே. சார் காலையில் சொன்ன அதே ஆகவே. மூன்றாவதற்கு அதைச் சொல்ல மறுத்து மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தவள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் அதைச் சொல்லி இரண்டு மாதம் நன்றாகத் தூங்கியிருக்கிறாள். மூன்றாவதைக் காலியாக விடலாம். விட்டு, முதல் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டு போதாது, கட்டுரை திரும்பி வரும், ஆனால் மரியாதையோடு வரும், நேர்மையான பெண் என்று சார்கூட ஒருநாள் சொல்லுவார், ஜெசிமாவின் அத்தியாயத்தில் பாதியாவது நிற்கும். அதில் ஒரு இதம் இருந்தது. அந்த இதத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். இழுத்தால் கூடவே வந்துவிடுகிற தரை. கால் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது. முப்பத்தெட்டாவது செல்லைப் பாதியில் விட்டிருந்தாள். முடிக்கத் தேவையில்லை. முடித்தாள், வலப்பக்கம், முப்பத்தொன்பது, வலப்பக்கம், நாற்பது மட்டும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தது, கடைசிப் படம் வரைக்கும்.

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சார் பயணப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். ஜெசிமாவும் திரும்பி வந்திருந்தாள். அட்டவணை முடிந்ததா, வண்டியில் போகும்போதே ஃபோனிலிருந்து அனுப்பிவிடுகிறேன் என்றார். ஒரு நிமிஷம் சார் என்றாள் சுகிர்தா. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் வண்டிக்காரர் அழைத்துவிட்டார். அவர் பின்பக்கக் கேட்டில் நின்றுகொண்டிருந்தார், அது பூட்டிக் கிடக்கும் கேட். சாருக்கு வழி சொல்ல வராது, அது எல்லோருக்கும் தெரியும். ஜெசிமா ஃபோனை வாங்கி, அண்ணே, அங்கயே நிக்காதிய, சுவத்தையொட்டியே சுத்தி வாங்க, மரத்தடியில ஒரு நாய் படுத்திருக்கும், அதுக்கு நேரா வலது என்றாள். நாய் இன்றைக்கு எழுந்து போயிருந்தால் என்ன செய்வார் என்று சார் கேட்டார். எழுந்து போகாது சார், அதுக்கு நீட்டிப்பு கொடுத்திருக்கோம் என்றாள் ஜெசிமா, சொல்லிவிட்டு சுகிர்தாவின் முதுகைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சார் சிரித்தார். சுகிர்தா மூன்றாம் வரிசையின் காலிக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று அடித்தாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். மேல் அம்பை அழுத்தினாள். இரண்டாம் வரிசையில் இருந்த ‘இடம்’ என்பதை அழித்துவிட்டு அங்கேயும் அதையே அடித்தாள். பின்னால் சார், விமானம் தாமதம் என்று செய்தி வந்திருக்கிறது, இது தெரிந்திருந்தால் சாப்பிட்டுவிட்டே கிளம்பியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தா மேல் அம்பை இன்னொரு தடவை அழுத்தினாள்.